மண்வெட்டியும் மஞ்சள் திட்டுகளும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

இங்கே ஒரு கூத்து. முதலாளி வீட்டு நாய் மூத்திரம் பெய்த இடமெல்லாம் புல்தரை மஞ்சளாகிவிட்டது. பயிர் மஞ்சளித்தால் யூரியாதானே என்று நம் வயல் நினைப்பில் அள்ளிப் போட்டேன். மூத்திரத்திலும் அதே சத்துதானாம், அது மிஞ்சித்தான் புல் கருகுகிறதாம். மிச்சமும் வெந்துபோனது. “அது பெஞ்ச உடனே தண்ணி ஊத்துப்பா, கருகாது” என்றார் சமையல்காரர். அன்றிலிருந்து வாளியோடு நாய் பின்னாலேயே அலைகிறேன்.

போன வாரம், செத்த புல்லை வெட்டியெடுத்துப் புதுமண் போட்டு விதைக்கக் குனிந்திருந்தேன். முதலாளி பார்த்துவிட்டார். “என் சோத்தைத் தின்னுட்டு என் புல்லையே கொளுத்துறியாடா?” என்று நாய்ச் சங்கிலியால் விளாசினார். முதல் அடி முதுகில், அடுத்தது காதோரம். மூன்றாவது விழுமுன் என் மண்வெட்டி அவர் தலைக்கு மேலே நின்றது.

அந்த நேரம் பார்த்து நாய் எங்கள் நடுவில் வந்து குந்திப் பெய்தது. என் கை தானாக மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கியது. முதலாளி சங்கிலியோடு வாய் பிளந்து நின்றார். சிரிப்புதான் போங்கள்.

முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்புங்கள், இங்கே வெயில் அதிகம். அப்பாவைப் போல் கை ஓங்காதே என்று சொல்லித்தானே அனுப்பினீர்கள்? ஓங்கிவிட்டேன் அம்மா, இறக்கவில்லை. இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் மண்வெட்டியைச் சமையல்காரரிடம் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொல்கிறேன்.

முதலாளி கூப்பிடுகிறார்.

உங்கள் மகன்