ஊசிக்குப் பயப்படாத பிள்ளை

அண்ணி,

இன்று மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் முடிந்து திருப்பாதிரிப்புலியூர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு குழந்தை. புது மொட்டை, தலை நிறையச் சந்தனம், காதில் அப்போதுதான் போட்ட தோடு. தாய்மாமன் போலிருக்கிறது, ஓர் இளைஞன் அதை மடியில் வைத்துத் துண்டால் விசிறிக்கொண்டு வந்தான். பாவம், நல்லவனாகத்தான் இருப்பான். ஆனால் அந்தச் சந்தன வாசனை பட்டதுமே என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. வழியிலேயே இறங்கி வெயிலில் நடந்தேன். வழியெல்லாம் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். பேசி முடியாததை எழுதுகிறேன்.

திருவந்திபுரத்தில் நம் கயலுக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் போன நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாயிரத்து ஆறு, மே மாதம். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரட்டும் என்று தள்ளிப்போட்டதில் உங்கள் மகளுக்கு ஆறு வயதாகிவிட்டிருந்தது. சிதம்பரத்திலிருந்து உங்கள் பிறந்த வீட்டார் வர வேண்டிய வேன் தாமதமானதால், மொட்டைக்கு அண்ணனே அவளை மடியில் வைத்துக்கொண்டான். கத்தி தலையில் ஓடும்போது "கூசுதுப்பா" என்று சிரித்தாள். குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டு, புதுப் பாவாடையில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அப்புறம்தான் வேன் வந்தது. உங்கள் தம்பி சீர்த்தட்டோடு இறங்கி வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, "வாடி மருமகளே" என்று மடியைத் தட்டினான்.

கயல் போகவில்லை. தூக்கிப்போய் உட்கார வைத்தார்கள். மூச்சு அடைத்துப் போகிற மாதிரி கத்தினாள். ஊசிக்குப் பயப்படாத பிள்ளை எங்கே இருக்கிறது என்று உங்கள் அம்மா சிரித்தார். சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தோம். ஒருத்தி காலைப் பிடித்தாள், ஒருத்தி தலையைப் பிடித்தாள். எப்படியோ நழுவி இறங்கி ஓடியவள் எங்கே போய் ஒளிந்தாள்? காது குத்த வந்த ஆசாரியின் முதுகுக்குப் பின்னால். கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் முகம் வெளிறிப்போனதை, வளையங்கள் வைத்த தட்டோடு பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். நல்ல நேரம் போகிறது என்று உங்கள் அம்மா அவசரப்படுத்தினார். "புள்ள வேணாங்குதுல்ல. வேணாம், விடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆறு வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு கெடிலம் ஆற்றுப் பக்கம் நடந்தீர்கள். சபையில் அண்ணி மானத்தை வாங்கிவிட்டாரே என்று எனக்கு உங்கள் மேல் கோபம்கூட வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். சிதம்பரம் என்றால் துள்ளிக் குதிக்கிறவள், அரைப் பரீட்சை லீவில் ஆயா வீட்டில் தங்கி வந்ததிலிருந்து போக மாட்டேன் என்றாள். சனி ஞாயிறு அங்கே போகலாம் என்று பேச்செடுத்தாலே வயிற்று வலி. பூச்சி மருந்து கொடுத்தோம். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்பி வந்தது. பயந்திருக்கிறாள் என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம். சித்திரை வெயிலிலும் பாவாடைக்குள் பேண்ட் போட்டுக்கொண்டுதான் படுத்தாள். மேடத்துக்கு ஸ்டைலு ஜாஸ்தியாயிடுச்சு என்று நானே கேலி செய்தேன். ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க அந்த ஆசாரியின் முதுகு வேண்டியிருந்தது.

நீங்கள் அவளை உட்கார வைத்து விசாரிக்கவில்லை. சப்பாத்தி போடும்போது அவளுக்கும் ஒரு மாவு உருண்டை கொடுத்துவிட்டு, ஆசாரியிடம் ஏன் ஒளிந்தாள் என்று சாதாரணமாகக் கேட்டீர்கள். அவள் மாவையே உருட்டிக்கொண்டிருந்தாள். நீங்களும் அவசரப்படாமல் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "மாமா மடி வேணாம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னா நீ செத்துடுவியாம். மாமா சொல்லிச்சு" என்றாள்.

நீங்கள் மாவுக் கையைத் துடைக்கக்கூட இல்லை. அவள் கையை எடுத்து உங்கள் கன்னத்தில் வைத்துக்கொண்டீர்கள். "தொட்டுப் பாரு. நீ சொல்லிட்ட, அம்மா இங்கதான இருக்கேன்? அவன் சொன்னது பொய்யி. உம்மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு" என்றீர்கள். அவள் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் மீதியையும் சொன்னாள். அதை நான் எங்கேயும் எழுதப் போவதில்லை.

மறுநாள் நாம் இருவரும் சிதம்பரம் போனோம். நீங்கள் சொன்னதை உங்கள் அம்மா காபி போட்டுக்கொண்டே கேட்டார். சின்னப் பிள்ளை டிவியில் எதையாவது பார்த்துவிட்டு உளறுகிறது என்றார். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இப்படி ஒரு பேச்சு வெளியே போனால் என்னவாகும் என்று உங்களைத்தான் கேட்டார். அவன் கிரிக்கெட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தான். நீங்கள் எழுந்து போய் அவனை அறைந்தீர்கள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். அவர் உங்களைத்தான் வெளியே போகச் சொன்னார். கீழ வீதியில் பஸ்ஸுக்கு விறுவிறுவென்று நடந்தீர்கள். செருப்பை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததைப் பாதி வழியில்தான் நான் கவனித்தேன்.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டோம். அப்போது குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஸ்டேஷனில் ஒரு தடவை, கோர்ட்டில் பல தடவை பிள்ளை அதையே சொல்ல வேண்டிவரும், எதிர்த்தரப்பு துருவித் துருவிக் கேட்கும், வருஷக் கணக்கில் இழுக்கும் என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நீங்கள் கயலை நினைத்துப் பார்த்துவிட்டு, புகார் வேண்டாம் என்று எழுந்துவிட்டீர்கள். அது சரியா தப்பா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன், தெரியவில்லை.

அதற்கப்புறம் நீங்கள் பிறந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஆருத்ரா தரிசனத்துக்குக்கூடப் போகவில்லை. புருஷன் சிங்கப்பூர்ப் பணத்தில் திமிர் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். நீங்கள் போகிற கல்யாணம், காதுகுத்தில் எல்லாம் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யாராவது ஒரு குழந்தையை "மாமாக்கு முத்தம் குடு" என்று தள்ளிவிட்டால், அது பின்வாங்கினால், உடனே குறுக்கே போய் நிற்பீர்கள். "புள்ள மாட்டேன்னா மொதல்ல நிறுத்து. ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம்." எத்தனை பேரிடம் சொன்னீர்கள் இதை! தெருவில் உங்களுக்குப் போலீஸ்காரம்மா என்று பேர் வைத்தோம். வைத்ததே நான்தான்.

அந்தப் போலீஸ்காரம்மா கட்டிலில் விழுந்தபோது எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள், பிறகு எல்லா இடத்திலும் பரவிவிட்டது என்றார்கள். நீங்கள் என்னிடம் உங்கள் நகையைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வந்தா பாப்பாவ அந்தாண்ட கூட்டிட்டுப் போயிடு" என்றீர்கள். அது ஒன்றைத்தான் கேட்டீர்கள்.

நம் ஊரைப் புயல் புரட்டிப்போட்டதற்கு முந்தின மாதம் நீங்கள் போனீர்கள். பிறந்த வீட்டுக் கோடி வராமல் எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்த வேண்டிய புடவை அல்லவா. இத்தனை வருஷம் இந்தப் பக்கம் வராதவன் கோடிப் புடவையோடு வந்து இறங்கினான். வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அண்ணனை உலுக்கினேன். அவன் அழுதுகொண்டே இருந்தான். நான் வாயைத் திறந்ததும், சாவு வீட்டில் சண்டையா என்று அடக்கினார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கயல் பெயரைச் சொல்ல வேண்டும், அத்தனை பேர் நடுவில், அவள் காதுபட. என்னால் முடியவில்லை அண்ணி. நீங்கள் சொன்னபடி அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பின்னறைக்குப் போய்விட்டேன். மேளச் சத்தம் கிளம்பி, தெருமுனை தாண்டி, தேய்ந்து நின்றது. உங்களுக்கு வாய்க்கரிசி போட உங்கள் மகள் இல்லை. அவன் இருந்தான்.

அந்த அறையில் அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், திரும்பி, "நான் சொல்லிட்டேன்ல அத்தை, அதான்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. ஆறு வயதில் அவன் காதில் போட்ட பொய்யை நீங்கள் ஒரே நிமிஷத்தில் பிடுங்கி எறிந்தீர்கள் என்று நாம் நினைத்திருந்தோம். அது அவளுக்குள் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இது நோய், யார் சொன்னதாலும் வருவதில்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பார்த்த டாக்டரையே சொல்ல வைத்தேன். "தெரியும் அத்தை" என்கிறாள். ஏழாம் வகுப்பு, சயின்ஸில் அவள்தான் ஃபர்ஸ்ட். ஆனால் உங்கள் படத்துக்குப் பூ வைக்கும்போது உதடு மட்டும் அசைய "ஸாரிம்மா" என்கிறாள். புதுச்சேரியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். நாளாகும், விடாமல் வாருங்கள் என்கிறார். இப்போது புதுச் சட்டம் வந்திருப்பதாக டிவியில் சொன்னார்கள். அண்ணன் எழுந்து போய்விட்டான். பழைய குற்றத்துக்கு அது செல்லாது என்கிறார் வக்கீல். சிதம்பரத்தில் அவனுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவன் பெண்டாட்டிக்கு ஒருநாள் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறாமைக்காரி என்று சொல்லி வைத்துவிட்டாள். திரும்பப் போட்டால் எடுப்பதில்லை. அந்தக் குழந்தையை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

காது குத்தாமல் மீதமான அந்த இரண்டு தங்க வளையங்களும் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கின்றன, மஞ்சள் துணியில் சுற்றி. அவளாகக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று கொண்டு திரிகிறேன். அவள் கேட்டதில்லை. நானும் பேச்செடுத்ததில்லை. மாட்டேன் என்றால் நிறுத்து என்றீர்களே.

இன்று வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தபோது அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். உடம்பு சரியில்லையா, நெஞ்சு வலிக்கிறதா, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவளுடைய மாவுக் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "தொட்டுப் பாரு. அத்தை நல்லாதான் இருக்கேன்" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க."

மாவு காய்ந்து கன்னத்தை இழுக்கிறவரைக்கும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.