மலாவிக் குளத்தில இறங்கின பிள்ளை

உ

ஹம், ஜேர்மனி,
ஆவணி மாசம், வெள்ளிக்கிழமை

என்ர செல்ல மகள் தேனுஜாவுக்கு,

காமாட்சி அம்பாள் உன்னைக் கண்ணுக்குள்ள வைச்சுக் காக்கவேணும். நானும் பெரியப்பாவும் சுகம். போன் அடிச்சா நீ எடுக்கிறாய் இல்லை, வாட்ஸப்பும் பாக்கிறாய் இல்லை. கடிதத்தை எண்டாலும் பிரிப்பாய் எண்டு எழுதுறன். உள்ளுக்குள்ள திருநீறு இருக்கு, கொட்டிப்போடாதை.

போன மாசம் நீ ஒருக்கா எடுத்து, "பெரியம்மா, எனக்கு பில்ஹார்சியோஸாம், நத்தையில இருந்து வாற புழு, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" எண்டிட்டு வைச்சிட்டாய். அம்பாளிட்டச் சொல்ல எனக்கு அந்தப் பேர் வாயில வரேல்ல. "அந்தப் புழுவைப் பார் தாயே" எண்டு விளக்கேத்தினன். தோட்டத்தில சலாட்டில ஏறுற நத்தை எல்லாத்தையும் பொறுக்கி வாளியில போட்டன். பெரியப்பா, "அதுகள் இங்க பிறந்து வளந்த நத்தையள், விடும் அதுகளை" எண்டு சிரிக்கிறார்.

பிறகு எங்கட டொறத்தியிட்டக் கேட்டன், நேர்சா இருக்கிறாளே, அந்தப் பிள்ளை. நீ படிப்பிக்கப் போன மலாவியில, குளத்து நத்தை விடுற புழு, தண்ணியில நிக்கேக்க தோலுக்குள்ளால ஏறிடுமாம். மாசக்கணக்காப் போய்த்தான் மூத்திரத்தில இரத்தம் காட்டுமாம்.

தீர்த்தத் திருவிழா அண்டு முழுக்க நீ காருக்குள்ள இருந்தது அதாலயோ மகள்? உனக்குத் தலையிடி எண்டுதான் உன்ர அம்மா எனக்குச் சொன்னவள். நான் மோர் கொண்டு வந்து கண்ணாடியில தட்ட, அழுத முகத்தோட வாங்கினாய்.

நீ சொல்லவேண்டாம் எண்டனி, என்னால ஏலாமப் போச்சு. அம்மாவைப் பிடிச்சுக் கேட்டன். இரத்தம் போகுது எண்டு நீ சொல்ல, "எவனோட திரிஞ்சனி" எண்டு கேட்டதையும், துடக்கோட கோயிலுக்குள்ள வராதை எண்டு திருப்பி அனுப்பினதையும் அவளே சொன்னாள். அடிக்கத்தான் கை வந்தது. தங்கச்சி எண்டு விட்டன்.

அவளை இழுத்துக்கொண்டு டொறத்தியின்ர குசினிக்குப் போனன். டொறத்தி அந்தப் புழுக் கதையை விளக்கிச் சொன்னாள். "தண்ணியில இறங்கினதுக்கோ? சும்மா தண்ணியில இறங்கினதுக்கோ?" எண்டு அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். டொறத்தி, "அன்ரி, உங்கட போனில இருக்கிற படத்தைக் காட்டுங்கோ" எண்டாள். நீ பள்ளிக்கூடப் பிள்ளையளோட இடுப்பளவு தண்ணியில நிண்டு சிரிக்கிற படம். "என்ர மகள் ஆபிரிக்காவில படிப்பிக்கிறாள்" எண்டு வாறவை போறவைக்கெல்லாம் அம்மா காட்டித் திரிஞ்ச படம். "இதிலதான் ஏறியிருக்கும். இந்தச் சின்னனுகளுக்கும் இருக்கும், அதுகள் எவனோட திரிஞ்சதுகள்?" எண்டு கேட்டாளே ஒரு கேள்வி! அம்மா படத்தைப் பாத்தபடியே இருந்தாள். தேத்தண்ணி ஆறி ஆடை கட்டிப்போச்சு.

உன்னோட அறையில இருக்கிற பிரபாலினியிட்டயும் கதைச்சனான். நீ குளிசை போட்டு முடிச்சிட்டியாம், நல்லம். வாற வியாழன் கொஸ்பிற்றலில நேரம் தந்திருக்கிற ரெர்மினிலதான் புழு செத்திட்டுதோ, மூத்திரப்பையில, கர்ப்பப்பையில ஏதும் காயம் இருக்கோ எண்டு பாப்பினமாம். அதுக்கு நீ தனியப் போறியாம்.

மகள், அம்மா லீவு எடுத்து நீ இருக்கிற டிரெஸ்டனுக்கு ரெயின் ரிக்கற்றும் எடுத்திட்டாள். நீ வரச்சொல்லேல்ல எண்டு பயப்பிடுறாள். மன்னிப்புக் கேக்க அவளுக்கு வாய் வராது, எங்கட வீட்டில ஒருத்தருக்கும் வராது. கொஸ்பிற்றலுக்கு வந்து வெளிக் கதிரையில இருப்பாள். நீ கதைக்கவேண்டாம். கோவம் இருக்கட்டும், அது உன்ர நியாயம். டொக்ரர் உன்ர பேரைக் கூப்பிடேக்க மட்டும், "அம்மா, நீங்களும் உள்ள வாங்கோ" எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, குஞ்சு.

அம்பாள் உன்ர வயித்தைக் குளிர வைப்பாள்.

உன்ர பெரியம்மா
புஸ்பவதி