மில்லை எடுத்த அம்மா

தென்காசி,
12-7-1958

அன்புள்ள அண்ணன் நெல்லையப்பனுக்கு,

தம்பி நாறும்பூநாதன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கொழும்புத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, வயிற்றுவலி குறைந்ததா என்று அம்மா முதலில் கேட்கச் சொன்னாள்.

பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. முடியவில்லை என்கிறார் பெரியப்பா. அவருடைய கடிதம் இதற்குள் உனக்கு வந்திருக்கும். நடந்தது என்ன என்று நான் எழுதுகிறேன்.

அப்பா இருந்த காலத்தில் இருவரும் கூட்டாக வாங்கியதைப் பெரியப்பா இரண்டு பங்காக வைத்தார். தென்காசி அரிசி மில் ஒன்று, குற்றாலம் லாட்ஜ் ஒன்று. மூத்தவர் பங்கு வைத்தால் இளையவர் வீடுதான் முதலில் எடுக்க வேண்டும் என்பது நம் குடும்ப வழக்கம். பெரியப்பா அதை மீறவில்லை. பேச்சை லாட்ஜில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதுவும் ஆனிச் சாரலில். அறை கிடைக்காதவர்கள் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அவர்களைக் காட்டி அம்மாவிடம், "பாத்தியா முத்துவடிவு, நீ சாவிய வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும்" என்றார்.

அம்மா, "பங்குனியில இங்கன கொரங்குல்லா அறை எடுத்துத் தங்கும் அத்தான். எனக்கு மில்லு போதும்" என்றாள். சிரித்தது நான் மட்டுந்தான்.

பெரியப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "பொம்பள போயி உமித்தூசியில நிப்பியாக்கும்?" என்றார். "நெல்லு அவிக்க சந்தனமாரியும் பொம்பளதான. அவ நிக்காளே" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவர் காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

சந்தனமாரியும் மற்றப் பெண்களும் கூலி கூட்டிக் கேட்டதற்காகச் சித்திரையில் மில் கதவைப் பூட்டி, அவர்களைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவந்தவர் அவர். அவர்களுக்காக அம்மா மில்லை எடுத்தாள் என்று நான் கதை கட்ட மாட்டேன். வருஷம் முழுதும் நம் வீட்டு அடுப்பு எரிய வேண்டும், அதற்காக எடுத்தாள். ஆனால் மறுநாளே களத்துக்குப் போய், அவர்கள் நிழலுக்கு ஒதுங்கத் தகரக் கொட்டகை போட இடம் பார்த்தாள். கூலிக்காரர் கூட்டங்களில் கை தட்டிவிட்டு வரும் எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை.

கொட்டகைப் பேச்சு காதில் விழுந்ததும் பெரியப்பா வழக்கத்தை மாற்றினார். பொம்பளை எடுத்தது செல்லாதாம், மூத்த மகன் எடுத்தால்தான் பங்காம். லாட்ஜ் முதலாளி என்றால் உனக்கு மதிப்பு என்று எழுதியிருப்பார். மில் அவருக்கு வேண்டும்; வாய்விட்டுக் கேட்கக் கௌரவம் தடுக்கிறது. அம்மா அதைத் தொடமாட்டாள் என்று நம்பிப் பங்கு வைத்தது அவர் தப்பு.

"அவன் இஷ்டப்படி எழுதட்டும்லே, நீ நெருக்காத" என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு இன்று காலையும் மில்லுக்குத்தான் போனாள்.

நான் நெருக்குகிறேன் அண்ணா. லாட்ஜா மில்லா என்று நீ யோசிக்க வேண்டாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவள் தீர்மானித்துவிட்டாள். நீ வந்து, பத்திரத்தில் அம்மா பெயருக்குக் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போடு. வர முடியாவிட்டால் சம்மதம் என்று பெரியப்பாவுக்கு ஒரு வரி எழுது.

அம்மா உனக்கு ஆசி சொல்லுகிறாள். அதை மட்டும் எழுதினால் போதும் என்றுதான் சொன்னாள்.

உன் தம்பி,
நாறும்பூநாதன்