முதுகுக்குப் பின்னால் உருண்ட பந்து

ஞாயிறு

விழுப்புரம் மைதானத்தில் இன்று எங்கள் திண்டிவனம் ஹாக்கி டீம் அரையிறுதியில் ஒரே ஒரு கோலில் தோற்றது.

கோலடிக்க நல்ல வாய்ப்பான பெனால்டி கார்னர் எங்களுக்குக் கிடைத்தால், பார்வையாளர் வரிசையில் நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பேன். நான் பார்த்தால் கோல் விழாது என்பது எனக்கும் நண்பன் பஷீருக்கும் பல வருட நம்பிக்கை. பந்து கோலுக்குள் இருக்கும் பலகையில் டக்கென்று மோதும் சத்தம் கேட்டால்தான் திரும்புவேன்.

கடைசி நிமிடத்தில் இன்றும் அப்படித்தான் நின்றேன். எதிரே வேப்பமரத்தடியில் ஒருவர் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கடலைத் தோல் உடைவதுகூடக் கேட்டது. பலகைச் சத்தம் மட்டும் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பஷீர் சொன்னான்: "கோல்கீப்பரையே தாண்டிடுச்சுப்பா. கோட்டாண்ட வரைக்கும் மெதுவா உருண்டுகினே போச்சு. கடைசில ஒருத்தன் மட்டைய நீட்டித் தட்டி உட்டுட்டான். ஆனா என்னா அழகு தெரியுமா. நீ பாத்திருக்கணும்."

அவனா இதைச் சொல்வது?

இரவு வீட்டில் படுத்துக் கண்ணை மூடினேன். பந்து கோட்டை நோக்கி உருண்டுகொண்டே இருந்தது. திரும்பிப் படுத்தேன். அந்தப் பக்கமும் அதே புல், அதே பந்து. எழுந்து இதை எழுதுகிறேன். இங்கே முதுகைக் காட்ட ஒரு திசையும் இல்லை.