முதல் மூடி யாருக்கு

மாசி 2, வியாழன்

காலையில் பனி. குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் கட்டினேன். கை நடுங்கவில்லை. அதனால் எழுத்தும் கோட்டுக்குள் நிற்கிறது. 'ழ' மட்டும் இன்னும் நெளிகிறது. சாயங்கால வகுப்பு டீச்சர் தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். எழுபது வயதில் என் பேரை நானே எழுதுகிறேன். சிரிப்பாக வருகிறது.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்க் குடித்தது போதும். சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பிறந்த காட்டுக்கே வந்துவிட்டேன். இங்கிருந்து பிராந்திக் கடைக்குப் போக பஸ் கிடையாது. நல்லது. தம்பி பழனி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பெண்டாட்டி தனம் முகம் சுளிக்காமல் சோறு போடுகிறாள்.

மாசி 4, சனி

பங்காளிகள் வந்தார்கள். திங்கட்கிழமை கருப்பணாருக்குக் கிடா வெட்டு. சாமிக்குப் படைத்த பிராந்தியில் முதல் மூடி மூத்த பங்காளிக்கு. பெரியண்ணன் போனபிறகு மூத்தவன் நான். ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார் டாக்டர். ஒரு சொட்டோடு நிற்கிற ஆளும் இல்லை நான்.

சித்தப்பா மகன் துரை: "ஏனுங்ணா, நீங்க வாரதில்லைன்னு மல்லசமுத்திரத்துக் கடையே வாடிப்போச்சுங்களாம். ஒரு மூடிக்குப் போயி பயப்படறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

"சாமி குத்தமாயிருங்ணா" என்றான் பழனி. அவனுக்கு நிஜமாகவே பயம்.

கடைசியில் பூப்போட்டுக் கேட்பதாக முடிவு. வெள்ளைப் பூ வந்தால் எனக்கு விலக்கு. சிவப்பு வந்தால் குடிக்கணும்.

மாசி 5, ஞாயிறு

நல்ல வெயில். வேட்டி துவைத்தேன். டீ மூன்று. எழுத ஓடவில்லை. சிவப்பு வந்தால்?

மாசி 6, திங்கள்

கோயிலில் கூட்டம். பூசாரி இரண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டார். தனம் கண்ணை மூடி ஒரு பொட்டலம் எடுத்தாள். பூசாரி பிரிக்கப் போனார்.

"பிரிக்காதீங்க சாமி" என்றேன். என் குரல்தானா! "எந்தப் பூ வந்தாலும் நான் குடிக்க மாட்டனுங்க. குத்தம்னா கருப்பணாரு என்னையக் கேக்கட்டும். ஊட்டு ஆளுங்களக் கேக்க வேண்டாம்."

பூசாரி பொட்டலத்தைப் பிரிக்காமல் வேலடியில் வைத்துவிட்டார். அடுத்த மூத்தவன் பழனி. முதல் மூடியை அவன்தான் குடித்தான். முகம் போன போக்கைப் பார்த்துத் தனம் சிரித்துவிட்டாள்.

பந்தி. எத்தனையோ கிடா வெட்டு பார்த்தவன் நான். ஒரு தரம்கூட இலை முன்னால் தெளிவாக உட்கார்ந்ததில்லை. குடல் குழம்பு இவ்வளவு ருசியா? கசகசா அரைத்து ஊற்றியிருக்கிறாள் தனம்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா மாமா?"

ஊத்தும்மா என்றேன்.