தலைநகர் அசாபா

ஓகஸ்ட் 24, ஞாயிறு
உறுதியானது: தமிழ்ப் பாடசாலைக்குக் கிழக்குக் கிளை கிடைத்துவிட்டது. சொன்னவர் சங்கத் தலைவர் பேரின்பநாயகம், காலையில், தொலைபேசியில். இனி எங்கள் பகேரியாப் பிள்ளைகள் சனிதோறும் ரயிலேறிப் பலெர்மோ போக வேண்டியதில்லை. மனுவை எழுதியது நான். சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனது அவர். இருபது வருடச் சிநேகிதம்.

ஓகஸ்ட் 26
முடிவெட்டப் போனேன். கடைக்கார எஃபே நைஜீரியாவில் வாரி என்ற ஊரைச் சேர்ந்தவன். அவனுடைய டெல்டா மாநிலம் நாளைய தேதியில்தான் பிறந்தது. எங்கள் செய்தி இணையத்தளத்துக்கு அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். 1991இல் பெண்டெல் மாநிலத்தை எடோ, டெல்டா என்று இரண்டாகப் பிரித்தார்கள். வாரி ஆட்கள் நெடுங்காலம் கேட்ட மாநிலம். தலைநகரோ அசாபாவுக்குப் போனது. அசாபா ஆட்கள் கேட்டது வேறொரு மாநிலம்.

"அப்பா ரேடியோவைக் கேட்டுக் கைதட்டினவர். தலைநகர் பேரைச் சொன்னதும் நிப்பாட்டிப்போட்டார்," என்றான் இத்தாலிய மொழியில். "கேட்டது கிடைச்சால், ஐயா, எங்கை வைச்சிருக்கிறாங்கள் எண்டும் பாக்கவேணும்."

ஓகஸ்ட் 31
எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் விமலராணி வந்தார். கிளை பலெர்மோவின் ஓரத்துச் சியாகுல்லியில்.

"அங்கை ரயிலே இல்லை அண்ணை, ரெண்டு பஸ். பலெர்மோ வகுப்புக்கும் இனி விடமாட்டினமாம். நாங்கள் இப்ப கிழக்காம்."

மண்டபம் பேரின்பநாயகத்தின் மச்சானுடையது.

மனுவில் பகேரியா என்றுதான் எழுதியிருந்தேன். வெட்டச் சொன்னது அவர். "ஊர்ப் பேர் வேண்டாம் அண்ணை, சியாகுல்லி ஆக்கள் கையெழுத்து வைக்கமாட்டினம். இடத்தைப் பிறகு பாப்பம்."

பார்த்துவிட்டார். எப்ப நினைச்சவன்? என்ரை வீட்டிலை, என்ரை மேசையிலை இருந்து சாப்பிடேக்கையேவா?

செப்ரெம்பர் 2
பேரின்பநாயகத்திடம் கேட்டேன். "கிளை கேட்டியள், தந்தனான். அதிலையும் பிழை பிடிக்கிறியளோ, பத்திரிகைக்காரர்?" குரலில் சிரிப்பு.

செப்ரெம்பர் 3
கட்டுரையில் "தலைநகர் குறித்து அதிருப்தி நிலவியது" என்று எழுதியிருந்தேன். நிலவியது — எவ்வளவு வசதியான சொல். வெட்டினேன். எஃபேயின் அப்பா கைதட்டலை நிறுத்தியதை எழுதி அனுப்பினேன்.

செப்ரெம்பர் 8, திங்கள்
இங்கே திங்கட்கிழமை முடிவெட்டும் கடைகளுக்கு விடுமுறை. தமிழ் வகுப்பு நடத்த எஃபே சாவியைத் தந்துவிட்டான். பிள்ளைகள் சுழல்கதிரைகளில். "சுத்தாதேங்கோ, கண்ணாடியைப் பாராதேங்கோ, என்னைப் பாருங்கோ," என்கிறார் விமலராணி. ஒருவரும் கேட்பதாயில்லை.

நிலுவையில் இருப்பது: கிளையை இடம் மாற்றும் கோரிக்கை. ஒக்ரோபர் 12 பொதுக்கூட்டத்தில் முடிவு. முதற்சொல்லாகப் பகேரியாவை எழுதியிருக்கிறேன். கொண்டுபோவதும் நான்தான்.