இவர் பெயரில் எடுத்த அட்டை

ஜன. 1, வியாழன்
உறைபனி. கொல்லையில் முட்டைக்கோஸ் இலையெல்லாம் வெள்ளை. வெயில் ஏறும் வரை குழாயில் தண்ணீர் இல்லை.

காலை ஆராதனை. நீலப் புடவை, மேலே இவருடைய மப்ளர். முடிந்ததும் வாசலில் வாக்குத்தத்தத் தட்டு. கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம், ஓர் அட்டை. அதில் வரும் வசனம்தான் வருடம் முழுக்க நமக்கு. இவர் என்றைக்கும் தட்டுப் பக்கம் வந்ததில்லை. "நீயே எடு சாந்தா, என்னது டீசல் கை" என்று சொல்லிவிட்டு மதிலோரம் வெயில் காய்வார். எனக்கு ஒன்று, இவருக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

இன்றும் இரண்டு எடுத்துவிட்டேன்.

மதிலோரம் வரை நடந்தும் விட்டேன். வெயில் மட்டும் இருந்தது. இவர் இறந்தது ஆகஸ்டில்.

பக்கத்து வீட்டு ரோஸி அக்கா பின்னாலேயே வந்தாள். என் கையில் இரண்டு அட்டையைப் பார்த்தாள். தன்னுடையதை நீட்டினாள். "எனக்கு இந்த வருசமும் 'காத்திரு'ன்னே வந்திருக்குது பாரு. காக்க வைக்கறதுக்கு ஆண்டவருக்கு என்னை விட்டா ஆளே கெடைக்கலயாட்ட இருக்குது." என்னைச் சிரிக்க வைக்கத்தான். சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இவர் அட்டையில் சங்கீதம் 121, கடைசி வசனம். நீ போவதையும் வருவதையும் கர்த்தர் காப்பார் என்பது.

அரசு பஸ் ஓட்டுநர். ஓய்வு பெறும் வரை ஊட்டி, கூடலூர், தேவாலா. மழை, மண்சரிவு, ரோட்டில் யானை. போனார், வந்தார். ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் டீயில் தொட்டுச் சாப்பிட வர்க்கி வாங்கக் கிளம்பினார். "டீ ஆறறதுக்குள்ள வந்தர்றேன்." பேக்கரி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அவருக்கு இந்த வசனம். இப்போது.

என் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜன. 3, சனி
கேஸ் புக் செய்ய வேண்டும். மின்விளக்கு ஒன்று போய்விட்டது.

கல் வெட்டும் துரைசாமி அண்ணன் காந்தலிலிருந்து வந்தார். இவர் கல்லறைக்குக் கல் தயார், பெயர் வெட்டியாயிற்று. வசனத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். "ஏனுங்க டீச்சரம்மா, அதைச் சொல்லிப்போட்டீங்கன்னா அடுத்த சனிக்கிழமை நட்டுப்போடலாமுங்க."
"எல்லாரும் என்னங்க போடறாங்க?"
"சங்கீதம் இருபத்து மூணுதானுங்க, கர்த்தர் என் மேய்ப்பருங்கறது. நான் வெட்டுன மேய்ப்பனை எல்லாம் வரிசையா நிறுத்துனா கோத்தகிரி வரைக்கும் போகுமுங்க."

மகள் மெர்சி ஓசூரிலிருந்து போன். அவளும் சங். 23 தான் என்றாள். அப்பாவுக்குப் பிடிக்குமாம். அப்பா எந்த வசனமும் பிடிக்கும் என்று சொன்னதில்லையடி என்றேன். "அப்போ உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்கம்மா."

எனக்குப் பிடித்தது ஏசா. 41:10. பயப்படாதே என்பது. பள்ளிக்கூட நாளில் எனக்கென்று எடுத்துக்கொண்டது. முதல் நாள் வகுப்பறை, மெர்சி பிறந்தது, கர்ப்பப்பை ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் அதுதான். ஆகஸ்டிலிருந்து சொல்ல வருவதில்லை. பாதியில் நின்றுவிடுகிறது.

கல்லுக்குப் பார்த்தவை:
சங். 23. குறை ஒன்றும் இராது என்கிறது. இருக்கிறது.
2 தீமோ. 4. ஓட்டத்தை முடித்தவர் சொல்வது. இவர் டீயைக்கூட முடிக்கவில்லை.
ஏசா. 41. பயமாகத்தான் இருக்கிறது.

ஜன. 4, ஞாயிறு
ஞாயிறு பள்ளி. வருடத்தின் முதல் ஞாயிறு, பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் தேர்ந்தெடுக்கும் நாள். என் பழைய செருப்புக் கடை உதாரணம்: "பாக்க அழகா இருக்குன்னு வாங்கிடக் கூடாது. காலில் போட்டு நாலடி நடந்து பாக்கணும். வசனமும் அப்படித்தான்." சொல்லும்போதே, எனக்கு இப்போது எல்லாமே கடிக்கிறது என்று தோன்றியது.

ஜெனி எழுந்தாள். "யோவான் பதினொண்ணு, முப்பத்தஞ்சு டீச்சர்." வகுப்பே சிரித்தது. செத்துப்போன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகையில் இயேசு அழுதார் என்பது. மிகச் சின்ன வசனம். வருடம் தவறாமல் யாராவது ஒரு சோம்பேறி இதை எடுக்கும். "மனப்பாடம் பண்ண வலிக்குதாடி உனக்கு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வழக்கமாக நான் சொல்வேன், இது கதை நடுவில் வரும் ஒரு வரி, வாழ்க்கைக்குப் போதாது, வேறு எடு என்று.

இன்று வாய் வரவில்லை. தான் கூப்பிட்டதும் லாசரு உயிரோடு எழுந்துவிடுவான் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார்.

"நல்ல வசனம். வெச்சுக்கோ" என்றேன். ஜெனிக்கே நம்பிக்கையில்லை. "நெசமாவா டீச்சர்?"

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம், தெரியாமல் இரண்டு அட்டை எடுத்துவிட்டேன் என்றேன். "அதுக்கென்னங்க டீச்சர், ஒண்ணைக் கொடுத்திருங்க. எடுக்காதவங்க இருப்பாங்க." நியாயம்தான். கைப்பையைத் திறந்தேன். என்னுடையதைக் கொடுத்தேன், படிக்காமலே.

ஜன. 7, புதன்
பனி இல்லை. நாளெல்லாம் மேகம். துணி காயவில்லை.

துரைசாமி அண்ணனைக் கூப்பிட்டு யோவா. 11:35 என்றேன். வேதம் எடுத்துப் பார்த்துவிட்டு அவரே திரும்ப அழைத்தார்.
"இவ்வளவுதானுங்களா டீச்சரம்மா? எடம் நெறைய மிஞ்சுமுங்களே."
"மிஞ்சட்டுங்க."
"இதை நான் வெட்டுனதேயில்லீங்க" என்றார்.

மெர்சிக்குக் கோபம். "கல்லறைல போய் யாராச்சும் இதைப் போடுவாங்களாம்மா? பாக்கிறவங்களுக்கு ஆறுதலா இருக்க வேண்டாமா?"
"அதிகம் பாக்கப் போறவ நான்தானேடி."
அப்புறம் அவள் அழுதாள். சாவு வீட்டில்கூட எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்த பெண். இருவரும் போனை வைக்காமல் அழுதோம்.

ஜன. 10, சனி
கல் நட்டாயிற்று. பெயர், கீழே சின்னதாக வசனம், மிச்சம் வெறும் கல். ரோஸி அக்கா முந்தானையால் கல் தூசியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சாயங்காலம் டீ போட்டேன். ஆகஸ்டிலிருந்து வீட்டில் வர்க்கி இல்லை. அந்தத் தெரு வழியே போவதில்லை. மார்க்கெட்டுக்குக்கூடச் சுற்றித்தான் போகிறேன்.

இவர் அட்டையை எடுத்து ஸ்வெட்டர் பையில் வைத்தேன். இந்த வீட்டில் இனிப் போவதும் வருவதும் நான் ஒருத்திதான். நடந்து பார்க்கலாம் என்று செருப்பை மாட்டினேன். டீயை மூடி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர்தான் அன்று இவர் தலையை மடியில் வைத்திருந்தவர்.
"வாங்க டீச்சர். அரைக் கிலோங்களா?" இவர் வாங்கும் அளவு.
"கால் போதுங்க."

அந்த வாசற்படியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இறங்கினேன். கடித்தது. வீடு வரை கடித்தது.

பூட்டைத் திறந்தேன். உள்ளே இருட்டு. டீ ஆறியிருந்தது.

"வந்துட்டேங்க" என்றேன்.